ஐட்யூன்ஸ் இல்லாமல் ஐபாட்: அப்பாவின் பாட்டுகளை வெளியே எடுக்க வழி உண்டா?

கட்டபெட்டு வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவிடம் ஆப்பிளின் பழைய பாட்டுக் கருவியான ஐபாட் கிளாசிக் ஒன்று இருக்கிறது. 120 ஜிபி, 2008இல் வந்த வகை. எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) ஹெத்தையம்மன் பண்டிகையிலும் கல்யாணங்களிலும் பாடிய படுகர் பாட்டுகளைக் கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றி, அங்கிருந்து இதில் ஏற்றி வைத்திருந்தார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. கணினி ஐப்பசி இடியில் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த ஐபாட் மட்டும்தான்.

ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிளின் மென்பொருளான ஐட்யூன்ஸைப் புதிய லேப்டாப்பில் நிறுவி இணைத்தால், இது வேறொரு நூலகத்தோடு சேர்ந்தது, இதிலுள்ளதை அழித்துவிட்டு ஒத்திசைக்கட்டுமா என்று கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றிவிட்டேன். டவுனில் ஒரு கடையில் கேட்டேன். "அழித்துவிட்டுப் புதுப் பாட்டு ஏற்றித் தருகிறோம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

கேள்வி இரண்டு. ஐட்யூன்ஸைத் தொடாமல் பாட்டுகளை வெளியே எடுக்க முடியுமா? பிறகு புதிய பாட்டுகளையும் அது இல்லாமலே ஏற்ற முடியுமா? இணையத்திலேயே கேட்டுக்கொள்ளலாமே என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்தப் பாட்டுகள் இணையத்தில் கிடையாது. எங்கள் பள்ளத்தில் மழை வந்தால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே கிளம்பிவிடும்.

லவ்டேல் மாணவன்

அக்கா, வேண்டாம் என்று அழுத்தினீர்களே, அதுவே பாதி வேலை. பாட்டுகள் எங்கும் போகவில்லை.

ஐபாட் கிளாசிக் அடிப்படையில் ஒரு ஹார்டு டிஸ்க்தான். விண்டோஸில் இணைத்தால் தனி டிரைவாகத் தெரிய வேண்டும். உள்ளே போனால் காலியாக இருப்பதுபோல் தோன்றும். ஃபோல்டர் சாளரத்தில் மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்குங்கள். ஐபாட் கண்ட்ரோல் என்ற ஃபோல்டர் வரும். அதற்குள் மியூசிக், அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக எஃப்49 வரை போகும் ஃபோல்டர்கள். பாட்டுகள் அத்தனையும் அவற்றில் சிதறிக் கிடக்கும். ஐட்யூன்ஸ் ஏற்றும்போதே பெயரை அழித்துவிட்டு, பொருளில்லாத நான்கு எழுத்துகளை வைத்துவிடும். பெயரைப் பார்த்துப் பாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எம்பி3, ஏஏசி கோப்புகளுக்கு உள்ளே தலைப்பு, பாடியவர், ஆல்பம் என்ற குறிப்புகள் அப்படியே இருக்கும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் மொத்தத்தையும் திறந்து, அந்தக் குறிப்புகளையே கோப்பின் பெயராக மாற்றிவிடலாம்.

இப்போதைக்கு லேப்டாப்பிலிருந்து ஐட்யூன்ஸை நீக்கிவிடுங்கள். நீக்க மனமில்லை என்றால், ஐபாடை இணைக்கும்போது ஷிஃப்டையும் கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். தானாக ஒத்திசைக்காது. மேக் என்றால் கமாண்டும் ஆப்ஷனும்.

டிரைவே தெரியவில்லை என்றால், ஐபாடை வெறும் டிஸ்காகக் காட்டும் டிஸ்க் மோடுக்குப் போகலாம். மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். வந்ததும் விட்டுவிட்டு உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்துப் பிடியுங்கள்.

பந்தலூர் மழை

இவ்வளவு சுற்றுவது எதற்கு? ராக்பாக்ஸ் போடுங்கள். ஐபாடின் சொந்த மென்பொருளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் இன்னொரு இயக்க மென்பொருள் அது. 2001இல் ஆர்க்கோஸ் பிளேயருக்காகத் தொடங்கினார்கள், இன்றும் உயிரோடு இருக்கிறது. இலவசம். போட்ட பிறகு பென்டிரைவில் நகலெடுப்பதுபோல ஃபோல்டர் ஃபோல்டராகப் பாட்டுகளை இழுத்துப் போடலாம். எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவையில்லை. எம்பி3 மட்டுமல்ல, ஃபிளாக், ஆக் போன்ற வேறு ஒலி வடிவங்களும் பாடும். பழைய மென்பொருள் வேண்டுமென்றால் தொடங்கும்போது அதற்குள்ளும் போகலாம்.

என்னிடம் 2005 வகை ஐபாட் வீடியோ இருக்கிறது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் இடத்தில் நாள் முழுக்கப் பாடுகிறது. ஐட்யூன்ஸின் முகத்தில் விழித்து எத்தனை வருடம் ஆனது என்றே தெரியவில்லை.

குன்னூர் பட்டறை

பந்தலூர் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ஒரே பிரதிதான் இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்கிறார். நகல் எடுக்கும் முன் அதில் எதையும் நிறுவச் சொல்லாதீர்கள். ராக்பாக்ஸ் நல்ல பொருள்தான், நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது இரண்டாவது வேலை.

அம்மா, முதலில் அந்த ஹார்டு டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஐபாடுக்குள்ளேயே ஒரு சோதனைப் பக்கம் உண்டு. மெனுவும் நடுப் பொத்தானும் அழுத்தி மறுதொடக்கம் செய்யுங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பொத்தானையும் பின்னோக்கிச் செல்லும் இடது பொத்தானையும் சேர்த்துப் பிடியுங்கள். வெறும் எழுத்துகளாக ஒரு பட்டியல் வரும். மேனுவல் டெஸ்ட், ஐஓ, ஹார்டு டிரைவ், ஹெச்டி ஸ்மார்ட் டேட்டா என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். அங்கே 'ரீஅலாக்ஸ்' (கெட்டுப்போய் மாற்றிவைத்த பகுதிகள்), 'பெண்டிங் செக்டார்ஸ்' (படிக்கத் தடுமாறும் பகுதிகள்) என்று இரண்டு வரி இருக்கும். இரண்டும் பூச்சியம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். பெண்டிங்கில் நூற்றுக்கணக்கில் எண் இருந்தால் அந்த டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது என்று பொருள். அப்போது பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரே மூச்சில் நகலெடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. மலை உயரத்தால் டிஸ்க் கெடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ஐபாடுக்கு அவர்கள் குறித்திருக்கும் இயங்கும் உயரம் 3,000 மீட்டர் வரை. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஆகவே உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். கெடுப்பது ஈரம். குளிரில் கிடந்த பொருளை அடுப்படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உடனே இயக்கினால் உள்ளே வியர்த்துவிடும். வீட்டுச் சூட்டுக்கு அது வரட்டும், பிறகு இணையுங்கள்.

அரவங்காடு வாத்தியார்

ஏன் இப்படி ஒரு பூட்டு என்று யாரும் கேட்கவில்லையே. ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை, நான் சொல்கிறேன்.

2001 அக்டோபரில் முதல் ஐபாட் வந்தபோது அது மேக் கணினிக்கு மட்டும்தான். ஃபயர்வயர் கேபிள், 5 ஜிபி. அடுத்த ஆண்டு விண்டோஸ்காரர்களுக்கும் கொடுத்தார்கள், மியூசிக்மேட்ச் என்ற வேறொருவர் மென்பொருளோடு. விண்டோஸுக்கு ஐட்யூன்ஸ் வந்தது 2003 அக்டோபரில். ஆக, ஐட்யூன்ஸ் இல்லாமலே ஐபாட் ஓடிய காலம் ஒன்று இருந்தது. பாட்டுப் பட்டியலை வைத்திருக்கும் கோப்பின் அமைப்பை ஆர்வலர்கள் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்து, லினக்ஸிலும் வினாம்ப் என்ற பாட்டு மென்பொருளிலும் தங்களுக்கென்று கருவிகள் செய்துகொண்டார்கள்.

2007 செப்டம்பரில் கிளாசிக் வந்தபோதுதான் பட்டியலில் ஒரு முத்திரை சேர்ந்தது. ஒவ்வொரு ஐபாடுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணையும் பட்டியலையும் சேர்த்துக் கணக்கிட்ட முத்திரை பொருந்தாவிட்டால், டிஸ்க் நிறையப் பாட்டு இருந்தாலும் திரையில் பாட்டு எதுவும் இல்லை என்றே காட்டும். சில நாட்களுக்குள் அந்தக் கணக்கையும் உடைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பிந்தைய கருவிகளின் முத்திரையைப் பற்றி ப்ளூவிக்கி என்ற தளத்தில் சிலர் விவாதித்தார்கள். அந்தப் பக்கங்களை நீக்கும்படி 2008இல் ஆப்பிளின் வழக்கறிஞர்கள் கடிதம் அனுப்பினார்கள். தளத்தை நடத்தியவர்களுக்காக எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2009 ஏப்ரலில் வழக்குப் போட்டது. ஜூலையில் ஆப்பிள் பின்வாங்கியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் நம் வீட்டுக் கல்யாணப் பாட்டை எப்படி வைப்பது என்று பேசுவதற்குக்கூட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது!

லவ்டேல் மாணவன்

ஐயா சொன்ன முத்திரை எழுதும்போது மட்டும்தான் குறுக்கே வரும். படிப்பதற்கும் நகலெடுப்பதற்கும் அது தடையே இல்லை. அக்கா பயப்பட வேண்டாம்.

பெருமாள்மலை பேரிக்காய்

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு துணைக் கேள்வி. இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பழைய சோனி வாக்மேன், சோனியின் மென்பொருளான சோனிக்ஸ்டேஜ் இல்லாமல் பாட்டு ஏறாத வகை. டிரைவாகத் தெரிகிறது, எம்பி3 இழுத்துப் போட்டாலும் பாட மறுக்கிறது. இதற்கும் ராக்பாக்ஸ் உண்டா?

கட்டபெட்டு வாசகி

பட்டறை அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ரீஅலாக்ஸ் 0, பெண்டிங் 0. அப்பாவிடம் சொன்னேன். "நான் அதைக் கீழே போட்டதே இல்லை" என்று பெருமையடித்துக்கொண்டார்.

மறைந்த ஃபோல்டர் வந்தது. மியூசிக் ஃபோல்டரை லேப்டாப்புக்கு நகலெடுத்து எம்பி3டேக்கில் திறந்தேன். சினிமாப் பாட்டுகள், பக்திப் பாட்டுகள் எல்லாம் பெயரோடு வந்துவிட்டன. ஆனால் எனக்கு வேண்டியவை வரவில்லை. கேசட்டிலிருந்து எடுத்தவை ஒவ்வொன்றும் 300 எம்பி அளவில் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் நான்கு எழுத்துப் பெயர், உள்ளே குறிப்பு எதுவும் இல்லை. ஐபாட் திரையில் பார்த்தால் மட்டும் எந்த ஊர், எந்த வருடப் பண்டிகை, யார் பாடியது என்று அப்பா அடித்து வைத்தது அப்படியே தெரிகிறது. கணினியில் மட்டும் ஏன் காணவில்லை?

லவ்டேல் மாணவன்

அந்தக் கோப்புப் பெயர்களின் கடைசியில் டபிள்யூஏவி (வேவ்) என்று இருக்கிறதா பாருங்கள் அக்கா. நிச்சயம் இருக்கும். சுருக்காத ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம், 300 எம்பி. கணக்கு சரியாக வருகிறது.

எம்பி3இல் பெயரை மாற்றினால் ஐட்யூன்ஸ் அதைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். வேவ் கோப்பில் அப்படி எழுதாது, தன் பட்டியலில் மட்டும் குறித்துக்கொள்ளும். உங்கள் அப்பா அடித்த பெயர்கள் பழைய கணினியின் பட்டியலில் இருந்தன. ஐபாடுக்கு ஏற்றியபோது ஐபாடின் பட்டியலுக்கும் வந்தன. ஐபாட் கண்ட்ரோலுக்குள் மியூசிக்குக்குப் பக்கத்திலேயே ஐட்யூன்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஐட்யூன்ஸ்டிபி என்று ஒரு கோப்பு. பெயர்கள், பிளேலிஸ்ட், நட்சத்திர மதிப்பெண் எல்லாம் அதில்தான். ஆகவே மியூசிக்கை மட்டும் எடுத்தால் போதாது, ஐபாட் கண்ட்ரோல் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வையுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

நகல் முடிந்ததும் ஒரு பென்டிரைவில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, லேப்டாப்பில் நிறுவாமலே அதிலிருந்து தொடங்குங்கள். அதில் ரிதம்பாக்ஸ் என்ற பாட்டு மென்பொருள் இருக்கும். ஐபாடை இணைத்தால் இடப்பக்கம் தெரியும். லிப்ஜிபாட் என்ற நிரல் நூலகம் மூலம் அது ஐபாடின் பட்டியலையே நேராகப் படிக்கிறது, அதனால் அப்பா வைத்த பெயர்கள் வரும். ஒரு பாட்டின் மேல் வலது சொடுக்கிட்டு அதன் பண்புகளில் விவரப் பக்கத்தைத் திறந்தால், அந்தப் பாட்டு எந்த ஃபோல்டரில் எந்த நான்கு எழுத்துப் பெயரில் கிடக்கிறது என்று முழுப் பாதையும் காட்டும். பெயரையும் பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு லேப்டாப் நகலில் மாற்றிவிடுங்கள். கேசட் பக்கங்கள்தானே, கையாலேயே முடிந்துவிடும்.

ரிதம்பாக்ஸில் எதையும் ஐபாடுக்குள் இழுத்துப் போட வேண்டாம். பார்ப்பதற்கு மட்டும். முடிந்ததும் முறைப்படி வெளியேற்றிவிட்டே கேபிளைக் கழற்றுங்கள்.

பந்தலூர் மழை

ஒப்புக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் ராக்பாக்ஸ் உதவியிருக்காது. அது கோப்புக்குள் இருக்கும் குறிப்பைத்தான் படிக்கும், ஐட்யூன்ஸ்டிபியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வேவ் கோப்புகள் நான்கு எழுத்தாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் இனிமேல் புதிய பாட்டு ஏற்றுவதற்கு என் வாக்கு இப்போதும் ராக்பாக்ஸுக்குத்தான்.

அரவங்காடு வாத்தியார்

எழுபது வயதுக்காரர் கையில் கொடுப்பதற்கா? ராக்பாக்ஸின் மெனுவில் நுழைந்தால் வெளியே வர ஒரு ஆள் துணை வேண்டும். போதாததற்கு அதில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து வருவதில்லை, நான் பாட்டுப் பெயர்களை ரோமன் எழுத்தில்தான் வைத்திருக்கிறேன். சக்கரத்தைச் சுற்றினால் பாட்டு வரவேண்டும் என்பவருக்குப் பழைய மென்பொருளே போதும். ஏற்றும் வழியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

லவ்டேல் மாணவன்

அப்படியென்றால் விண்டோஸில் ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருள். அதன் 32 பிட் பதிப்பை நிறுவி, ஃபூடாப் என்ற ஐபாட் துணைநிரலைச் சேருங்கள். கிளாசிக்கின் முத்திரையை அதுவே கணக்கிட்டு எழுதிவிடும். ஐட்யூன்ஸ் வேண்டாம். பாட்டைத் தேர்ந்து ஐபாடுக்கு அனுப்பு என்றால் போய்விடும், பழைய பாட்டுகளை அழிக்காது.

பெருமாள்மலை பேரிக்காய்

என் கேள்வி மழையில் நனைந்துகொண்டே நிற்கிறது.

குன்னூர் பட்டறை

வாருங்கள், உள்ளே வாருங்கள். உங்கள் சோனிக்கு ராக்பாக்ஸ் பொருந்தாது. அந்தக் காலத்துச் சோனி பிளேயர்கள் பாட்டை ஓபன்எம்ஜி என்ற உறைக்குள் போட்டுத்தான் ஏற்றுக்கொள்ளும். நீங்கள் இழுத்துப் போட்ட எம்பி3 உறை இல்லாமல் கிடக்கிறது, பிளேயர் கண்டுகொள்ளாது. ஜேசிம்ஃபோனிக் என்று ஜாவாவில் எழுதிய இலவசக் கருவி உண்டு. அந்த உறையைத் தானே போட்டுவிடும். சோனிக்ஸ்டேஜ் தேவையில்லை. எல்லா மாடலுக்கும் ஒத்துவராது, உங்கள் மாடல் எண்ணை அதன் பட்டியலில் பாருங்கள். 2007இல் சோனியே மனம் மாறி, இழுத்துப் போட்டால் பாடும் பிளேயர்களைக் கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பிந்தைய வகை என்றால் இந்தப் பாடே கிடையாது.

கட்டபெட்டு வாசகி

முடிந்தது. லவ்டேல் தம்பிக்குக் கோத்தகிரி வந்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு உண்டு.

முதலில் ஐபாட் கண்ட்ரோல் முழுவதையும் நகலெடுத்தேன். பென்டிரைவில் உபுண்டுவைத் தொடங்கி ரிதம்பாக்ஸில் பார்த்தால், அப்பா வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேரகணி, ஜெகதளா, ஒன்னதலை என்று ஊர்வாரியாக எழுதியிருக்கிறார். நான் பாதையை வாசிக்க, அப்பா பள்ளி நோட்டில் இரண்டு பத்தியாக எழுதினார். எஃப்17இல் கிடந்த ஒன்றின் பெயர் 'தெரியவில்லை, பாட்டி குரல்' என்று இருந்தது. அதைப் போட்டுக் கேட்டதும் யார் என்று அம்மா உடனே சொல்லிவிட்டாள். பெயரைத் திருத்தியாகிவிட்டது.

இப்போது இன்னொரு சந்தேகம். பெயர் மறுபடி தொலையக் கூடாது. ஒலியும் குறையக் கூடாது. இந்த வேவ் கோப்புகளை எந்த வடிவில் மாற்றி வைப்பது? எம்பி3 ஆக்கினால் போதும் என்கிறார் தம்பி முறையில் ஒருவர்.

பந்தலூர் மழை

எம்பி3 வேண்டவே வேண்டாம். அது ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிடும், திரும்ப வராது. ஃபிளாக் ஆக்குங்கள். ஒலியில் ஒரு துளியும் குறையாது, இடம் ஏறக்குறையப் பாதியாகும், பெயரும் கோப்புக்குள்ளேயே நிற்கும்.

அரவங்காடு வாத்தியார்

ஃபிளாக்கை ஐபாடின் சொந்த மென்பொருள் பாடாது என்பதைத் தம்பி வசதியாக மறந்துவிட்டார். ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற வடிவமும் அதே வேலையைத்தான் செய்கிறது: ஒலி குறையாது, குறிப்பு உள்ளேயே இருக்கும், கிளாசிக் நேராகப் பாடும். 2011இல் அதன் மூல நிரலைத் திறந்தே விட்டுவிட்டார்கள், அதனால் ஒரு கம்பெனியிடம் மாட்டிக்கொள்கிறோம் என்ற கவலையும் இல்லை. ஃபூபாரிலேயே மாற்றலாம், அதற்கான குறியாக்கிகளின் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும்.

பந்தலூர் மழை

சரி வாத்தியாரே, ஐபாடுக்கு உங்கள் லாஸ்லெஸ், லேப்டாப்பில் என் ஃபிளாக். இரண்டுக்கும் நடுவில் எத்தனை முறை மாற்றினாலும் ஒலி கெடாது. வேவ் மூலத்தை மட்டும் அழிக்க வேண்டாம்.

கட்டபெட்டு வாசகி

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று, பட்டறை அண்ணாவுக்கு. இந்த டிஸ்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு போடலாம் என்கிறார்களே, போடலாமா? 256 ஜிபி கார்டு ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது.

குன்னூர் பட்டறை

போடலாம், அதற்கென்று மாற்றுப் பலகை கிடைக்கிறது. ஆனால் உங்கள் மாடலுக்கு 256 ஜிபி வீண். 2007, 2008 கிளாசிக்குகள் 128 ஜிபிக்கு மேல் கண்டுகொள்ளாது. அந்தத் தடை 2009 வகையில்தான் நீங்கியது. அதோடு கிளாசிக்கின் உலோக மூடியைத் திறப்பது பெரும்பாடு. சுற்றிலும் கொக்கிகள், அவசரப்பட்டால் பின்தகடு வளைந்துவிடும், மறுபடி சேராது. 2005 வகையின் பிளாஸ்டிக் முகம் என்றால் சுலபம். பின்பக்கம் சிறிய எழுத்தில் ஏ1238 என்று இருந்தால் கிளாசிக், ஏ1136 என்றால் அந்தப் பழைய வகை.

டிஸ்க் பூச்சியம் காட்டும்போது அதைத் தொட வேண்டாம். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் எடுத்து வாருங்கள். மூடியை எப்படியும் திறந்தாக வேண்டும், கார்டையும் அப்போதே போட்டுவிடலாம். வரும்போது 30 ஊசிக் கேபிளையும் கொண்டுவாருங்கள், என்னிடம் இருந்த கடைசிக் கேபிளைப் போன மாதம் ஒருவர் இரவல் வாங்கிப் போனார்.